5 அடி 9 அங்குலப் பையனும் ஸ்டீவ் நாஷும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 15 வயது, கிரேடு 9 படிக்கிறான், உயரம் 5 அடி 9 அங்குலம். கூடைப்பந்து என்றால் உயிர். "ஸ்டீவ் நாஷ் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர்தானே, அவரும் குள்ளம்தானே, அவர் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடவில்லையா?" என்று கேட்கிறான். அடுத்த வருஷம் கணக்கை விட்டுவிட்டு அதைவிட எளிய, அன்றாடக் கணக்குப் பாடமான மேத்ஸ் லிட் எடுத்தால் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் என்றும் சொல்கிறான். நீங்கள் எழுத்தில் கேட்டிருப்பது நாஷைப் பற்றி: அவர் நம் தென்னாப்பிரிக்க நாட்டுக்காரரா, அவரைப் பையனுக்கு உதாரணமாகக் காட்டலாமா என்று. பையன் இன்னும் வளர்வானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை. சரி என்று சொன்னால் படிப்பு போய்விடுமோ, கூடாது என்று சொன்னால் பையன் மனசு விட்டுவிடுவானோ என்பதுதான் உங்கள் கவலை என்று நினைக்கிறேன். நாஷின் கதை வழியாகவே அதற்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் யார் என்று சொல்லாமல் இதெல்லாம் பேசக் கூடாது. நான் பெரியகுளத்துக்காரன். தேனிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்ன ஊரில் மே மாதம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். இரவு விளக்கில் ஆட்டம், கேலரி நிறையக் கூட்டம், எந்த அணியில் யார் இடது கைக்காரன் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும். அங்கே பந்து பொறுக்கிப் போட்டு வளர்ந்தவன், கல்லூரி அணி வரை ஆடினேன், பிசியோதெரபி படித்தேன். டர்பனுக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. வாரம் முழுக்க மூட்டும் முதுகும் பார்க்கிறேன், சனிக்கிழமை காலையில் டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தொழில்முறை அணி எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. ஆகவே மூட்டைப் பற்றி நான் சொல்வது கைப்பட்ட அனுபவம்; என்.பி.ஏ.வைப் பற்றிச் சொல்வது முப்பது வருஷம் விடாமல் பார்த்து, படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நாஷ் 1974 பிப்ரவரி 7 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார், அதில் சந்தேகமே இல்லை. அப்பா ஜான் இங்கிலாந்துக்காரர், கால்பந்தாட்டக்காரர். அம்மா ஜீன் வேல்ஸ்காரர். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும்போதே குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. முதலில் ரெஜைனா, அப்புறம் மேற்குக் கரையில் விக்டோரியா. இனவெறிச் சட்டங்களின் கீழ் பிள்ளை வளர்க்க அவர்களுக்கு விருப்பமில்லை. அவர்கள் கிளம்பிய காலத்தில் சாட்ஸ்வர்த் உருவாகிப் பத்துப் பதினொரு வருஷம்தான் ஆகியிருந்தது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்து எடுக்கப்பட்ட நம் ஆட்கள் அங்கே சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நாஷ் குடும்பம் இங்கேயே இருந்திருந்தால் அவர் ஆடிய கோர்ட்டில் உங்கள் அப்பாவால் கால் வைத்திருக்க முடியாது. 1992 வரை இந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கே இல்லை என்பதால் அவருக்கும் வெளியே போகும் வழி குறுகலாகத்தான் இருந்திருக்கும். அதனால் நாஷ் நம் நாட்டில் பிறந்தவர் என்பது உண்மை, நம் நாடு உருவாக்கிய ஆட்டக்காரர் என்பது உண்மையில்லை. டர்பன் பக்கம் நீங்கள் குடியிருக்கும் பீனிக்ஸும் அமெரிக்காவில் அவர் ஆடிய பீனிக்ஸும் ஒரே பெயர் என்பது எவ்வளவு பெரிய தொடர்போ, இதுவும் அவ்வளவுதான்.

ஜோகன்னஸ்பர்க் வழியாக நிஜமாகவே என்.பி.ஏ.வுக்குப் போனவர்கள் வேறு. 2003இல் என்.பி.ஏ.யும் உலகக் கூடைப்பந்துச் சங்கமும் சேர்ந்து ஆப்பிரிக்கப் பையன்களுக்கான முகாமை ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கின. அந்த முகாமுக்கு 2011இல் கேமரூனிலிருந்து ஜோயல் எம்பீட் வந்தார், 2012இல் அதே நாட்டிலிருந்து பாஸ்கல் சியாகம் வந்தார். எம்பீட் அதுவரை வாலிபால் ஆடியவர். கூடைப்பந்தைத் தொட்டதே 15 வயதுக்கு மேல்தான். சியாகம் பாதிரியார் படிப்புக்கான பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். 2023இல் எம்பீட் அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், 2019இல் சியாகம் டொராண்டோ அணியோடு கோப்பை வென்றவர். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள். எம்பீட் 7 அடி. சியாகம் 6 அடி 8 அங்குலம். இந்த ஆட்டத்தில் உயரம் என்பது கடன் தள்ளுபடி மாதிரி. தாமதமாக வந்தாலும் மன்னிப்பார்கள், பந்து பிடிக்கத் தெரியாவிட்டாலும் சொல்லிக் கொடுப்பார்கள். உயரமான பையனைத் தேடி ஆள் வருவார்கள். குள்ளமான பையன் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் கையில் வித்தையோடு போய்த் தட்ட வேண்டும். அதனால்தான் உங்கள் வீட்டுக் கேள்விக்கு எம்பீடைவிட நாஷ் பொருத்தம். ஜோகன்னஸ்பர்க்கை விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். நாஷ் "குள்ளம்" என்பது என்.பி.ஏ. கணக்கு. அவர் 6 அடி 3 அங்குலம். நம் கோவில் திருவிழாவில் நின்றால் அவர் தலை தனியாகத் தெரியும்.

நாஷ் சின்ன வயதில் கால்பந்தும் ஐஸ் ஹாக்கியும் ஆடினார். கூடைப்பந்துக்கு வந்தது 12, 13 வயதில். பள்ளியில் நன்றாக ஆடினார், மாகாணத்தில் பேர் எடுத்தார். அவருடைய பள்ளிக் கோச் ஆட்டத்தின் வீடியோவையும் கடிதத்தையும் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். ஒன்றே ஒன்றுதான் உதவித்தொகையோடு இடம் கொடுத்தது, கலிபோர்னியாவில் சான்டா கிளாரா என்ற சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்கே வகுப்பிலிருந்து வகுப்புக்கு நடக்கும்போது டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே போவாராம். இதை விளையாட்டாக நினைக்க வேண்டாம். நான் என் பையன்களிடம் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரிய பந்து கையை நிரப்பிவிடும், உள்ளங்கை செய்யும் தப்பை மறைத்துவிடும். டென்னிஸ் பந்து மறைக்காது. விரல் நுனி ஒரு இம்மி தள்ளிப் பட்டால் பந்து தெருவைத் தாண்டிப் போய்விடும். கண் அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் வருகிறவர் மேல் மோத வேண்டியதுதான், ஆகவே தலையை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டுக்கு வேண்டிய இரண்டு பழக்கமும், விரலில் பந்து கண்ணில் கோர்ட், அந்த நடைபாதையிலேயே வந்துவிடும். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இதை மூன்று வாரத்துக்கு மேல் செய்தவர்கள் இத்தனை வருஷத்தில் நாலே பேர். மற்றவர்களுக்கு இரண்டாவது வாரமே வெட்கம் வந்துவிடுகிறது, தெருவில் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று.

1993இல் சான்டா கிளாரா, அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் அரிசோனாவை 64-61 என்று வென்றது. வரிசையில் 15ஆம் இடத்தில் வைக்கப்பட்ட அணி 2ஆம் இடத்து அணியைத் தோற்கடித்தது அந்தக் காலத்தில் ஊர் முழுக்கப் பேச்சு. கடைசி அரை நிமிஷத்தில் நாஷ் வரிசையாக ஆறு ஃப்ரீ த்ரோ போட்டார். அப்போது அவர் முதலாண்டு மாணவர். ஃப்ரீ த்ரோ என்பது யாரும் தடுக்காத, 15 அடி தூரத்து எறி. உயரம் தேவையில்லை, வேகம் தேவையில்லை. எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். நாஷ் அதைத் தன் சொத்தாக்கிக்கொண்டார். என்.பி.ஏ.வில் அவருடைய மொத்தக் கணக்கு 100க்கு 90.4. போடுவதற்கு முன் பந்தில்லாமலே கையை உயர்த்தி இரண்டு மூன்று தரம் எறிந்து பார்ப்பார், அப்புறம்தான் நடுவரிடம் பந்தை வாங்குவார். பழைய வீடியோவை மகனோடு உட்கார்ந்து பாருங்கள், பந்து வளையத்துக்குள் போவதைப் பார்க்காமல் அந்த வெறுங்கையை மட்டும் பாருங்கள்.

1996இல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்த நாளில் பீனிக்ஸ் சன்ஸ் அணி அவரை 15ஆவது ஆளாக எடுத்தபோது அவர்களுடைய ரசிகர்களே கூச்சல் போட்டார்கள், யார் இவன் என்று. இரண்டு வருஷம் பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். 1998இல் டாலஸுக்கு மாற்றினார்கள். அங்கே முதல் வருஷம் காயம், மோசமான ஆட்டம், அங்கேயும் சொந்த ரசிகர்களே கூச்சல். லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முதல் தடவை தேர்வானது 2002இல், 28 வயதில். பையனிடம் இந்த எண்ணைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பந்தைத் தொட்டதிலிருந்து எண்ணினால் பதினைந்து வருஷம். அதில் முக்கால்வாசி நேரம் அவரைப் பார்த்து யாரும் "இவன் பெரிய ஆளாக வருவான்" என்று சொல்லவில்லை.

2004இல் அவர் ஒப்பந்தம் முடிந்தது. வயது 30, முதுகில் பிரச்சினை. பீனிக்ஸ் கொடுக்க முன்வந்த தொகையைக் கொடுக்க டாலஸுக்கு மனமில்லை. திரும்பவும் பீனிக்ஸ். முந்தைய சீசனில் 29 ஆட்டம் மட்டுமே வென்ற அணி, அவர் வந்த சீசனில் 62 வென்றது. 2005இலும் 2006இலும் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது. பந்து கைக்கு வந்த ஏழெட்டு விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்ற ஆட்டமுறையை மைக் டான்டோனி என்ற கோச் வைத்திருந்தார், அதற்கு நாஷ் கையும் கண்ணும் இருந்தன. இன்று உங்கள் மகன் போனில் பார்க்கும் வேகமான ஆட்டத்துக்கு வேர் பெரும்பாலும் அங்கே இருக்கிறது என்பது என் கருத்து, மறுக்கிறவர்களும் உண்டு.

இனி என் தொழில் பக்கம். நாஷுக்கு இருந்தது ஸ்பாண்டிலோலிஸ்தீசிஸ். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு எலும்பு தனக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் கொஞ்சம் முன்னால் வழுக்கி உட்கார்ந்துகொள்ளும். சிலருக்கு அது இருப்பதே தெரியாது. ஓடிக் குதிக்கிறவனுக்குத் தெரியும். உட்கார்ந்தால் இடுப்புச் சதை இறுகும், பின்தொடை இழுக்கும், சில நேரம் நரம்பு அழுந்திக் காலுக்குள் மின்சாரம் மாதிரி ஓடும். அதனால்தான் ஆட்டத்தின் நடுவே வெளியே வந்தால் நாஷ் நாற்காலியில் உட்காரமாட்டார். பத்தாயிரம் பேர் பார்க்கும் அரங்கில், கோர்ட் ஓரத்துத் தரையில், துண்டைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்துக்கிடப்பார். படுத்தால் முதுகின் வளைவு தட்டையாகும், வழுக்கிய எலும்பின் மேல் பாரம் குறையும். கோச் கூப்பிட்டதும் எழுந்து போய் ஆடுவார். தொழில்முறை ஆட்டக்காரனின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று என்னிடம் கேட்டால், விருது வாங்கும் படத்தைக் காட்டமாட்டேன். இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

2007இல் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றில் சான் அன்டோனியோ அணியோடு ஒரு தொடர், அதில் முதல் ஆட்டம். எதிரணியின் டோனி பார்க்கர் தலையோடு மோதி மூக்கு கிழிந்தது. ரத்தம் வழிந்தால் ஆட்டக்காரன் உள்ளே நிற்கக் கூடாது என்பது விதி. கடைசி நிமிஷங்களில் கட்டுப் போட்டுப் போட்டு உள்ளே அனுப்பினார்கள், திரும்பத் திரும்ப ரத்தம் வந்து வெளியே கூப்பிட்டார்கள். ஆட்டம் முடியும்போது அவர் வெளியேதான் இருந்தார், அணி தோற்றது. அதே தொடரில் இன்னொரு சம்பவம்: எதிரணி ஆட்டக்காரர் அவரை ஸ்கோரர் மேஜை மேல் தள்ளினார், அதைப் பார்த்துக் கோபத்தில் பெஞ்சை விட்டு எழுந்து வந்த சன்ஸ் ஆட்டக்காரர்கள் இருவருக்கு ஒரு ஆட்டம் தடை. அடிபட்டவர் அணிக்கும் தண்டனை. தொடர் போய்விட்டது. 18 சீசன் ஆடியும் நாஷ் ஒரு தடவைகூடக் கோப்பை வெல்லவில்லை.

முடிவும் அப்படித்தான். 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனார். இரண்டாவது ஆட்டத்திலேயே போர்ட்லாண்டில் ஒரு மோதலில் கால் எலும்பில் விரிசல். சின்ன விரிசல்தான், எலும்பு கூடிவிட்டது. ஆனால் 38 வயது உடம்பில் ஒரு இடம் அசைந்தால் பக்கத்து இடங்கள் எல்லாம் கணக்குக் கேட்க ஆரம்பிக்கும். முதுகு நரம்பு முழித்துக்கொண்டது. 2013-14இல் 15 ஆட்டம், அடுத்த சீசனில் ஒன்றுகூட இல்லை, 2015 மார்ச்சில் ஓய்வு. அதுவரை 10,335 அசிஸ்ட், அதாவது கூட்டாளி கூடையில் போடுவதற்குக் கொடுத்த பந்துகள். அன்றைக்கு வரலாற்றில் மூன்றாமிடம். 2018இல் கூடைப்பந்து மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அப்புறம் புரூக்ளின் அணிக்குக் கோச்சாகப் போய் 2022இல் வெளியே வந்தார்.

உங்கள் மகனின் உயரத்துக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஐசையா தாமஸ், 5 அடி 9 அங்குலம், அச்சு அசலாக அதே உயரம். 2011இல் எடுக்கப்பட்ட 60 பேரில் 60ஆவது ஆள். பாஸ்டனில் 2016-17 சீசனில் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்தார். அந்த வருஷம் இடுப்பு மூட்டில் காயம், அதோடு ஆடினார். கோடை வந்ததும் அணி அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. பெரிய ஒப்பந்தம் கைக்கு எட்டும் நேரத்தில் இடுப்பு போனது, அதற்கப்புறம் அணி அணியாக அலைந்தார். 5 அடி 9 அங்குலத்தால் அங்கே போக முடியும் என்பதற்கு அவர் சாட்சி. அங்கே போனபின் உடம்பு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கும் அவரேதான் சாட்சி. பெரிய ஆட்களோடு மோதி விழுவது அந்த உயரத்துக்கு ஒவ்வொரு இரவும் வேலை.

எண்களையும் சொல்லிவிடுகிறேன், பையன் பயப்பட அல்ல, கணக்குத் தெரிய. என்.பி.ஏ.வில் 30 அணி. அணிக்கு 15 முழு ஒப்பந்தம், அதோடு மூன்று பேர் கீழ் லீக்குக்கும் மேலுக்கும் போய்வருகிறவர்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து ஐந்நூற்றுச் சொச்சம் இடம், அதில் வருஷத்துக்குப் புதிதாக எடுப்பது 60 பேருக்குள். தொழில்முறைக் கூடைப்பந்து என்பது அது மட்டும் இல்லை என்பதும் உண்மை. ஐரோப்பா, ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா என்று லீக்குகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் 2021இல் கிகாலியில் பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக் தொடங்கியது. நம் நாட்டிலிருந்து கேப் டவுன் டைகர்ஸ் 2022இல் அதில் ஆடியது, 2025இல் இறுதி ஆட்டமே பிரிட்டோரியாவில் நடந்தது. உள்ளூரில் 2013இல் தொடங்கிய தேசிய லீக் இருக்கிறது. அதை நம்பி மட்டும் குடும்பம் நடத்தலாமா என்றால், நான் பார்த்த ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை செய்தவர்கள்தான்.

இதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. எங்கள் ஊரில் நல்ல கூடைப்பந்து ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். பகலில் அலுவலகம், மாலையில் அணிப் பயிற்சி, ஓய்வு பெறும்வரை சம்பளம். என்னோடு ஆடிய இரண்டு பேர் அப்படி வீடு கட்டிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. நம் பையன்களுக்குக் கிரிக்கெட்டில் பாதை தெரிகிறது. டர்பன் பையன் சேனுரன் முத்துசாமி 2019இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட் ஆடி விராட் கோலியை முதல் விக்கெட்டாக எடுத்தபோது சாட்ஸ்வர்த்தில் எத்தனை அப்பாக்கள் பேட் வாங்கினார்கள் தெரியுமா! கூடைப்பந்தில் அப்படிக் காட்ட நம்மிடம் ஒரு முகம் இல்லை. பள்ளிகளில் நெட்பால் கம்பம் இருக்கும், கூடைப்பந்துக் கம்பம் இருக்காது. இருந்தால் வளையம் வளைந்திருக்கும்.

ஆகவே உங்கள் மகனுக்கு நிஜமான கதவு நாஷுக்குத் திறந்த அதே கதவுதான்: அமெரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகை. இப்போது கணக்குப் பாடத்துக்கு வருகிறேன். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., முதல் பிரிவில் ஆட வருகிறவன் உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாட அலகுகள் முடித்திருக்க வேண்டும் என்கிறது. அதில் மூன்று வருஷம் கணிதம், அதுவும் இயற்கணிதத்துக்குக் குறையாத மட்டத்தில். மேத்ஸ் லிட்டை அந்தக் கணக்கில் ஏற்றுக்கொள்ளாமல் போனால் என்ன செய்வீர்கள்? கிரேடு 10இல் விட்ட கணக்கை மெட்ரிக்கில், அதாவது கிரேடு 12இல், பிடிப்பது நடக்காத காரியம். கூடைப்பந்துக்காகக் கணக்கை விடுகிறேன் என்று சொல்வது, மாட்டுக்காகத் தீவனத்தை விற்கிறேன் என்று சொல்வதைப் போல. இதை அப்பா சொன்னால் உபதேசம் ஆகிவிடும். விதியைப் பையனையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள், பாட ஆசிரியரிடம் அவனே கேட்டு வரட்டும். நாஷ் அந்தப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் வாங்கிவிட்டுத்தான் வெளியே வந்தார் என்பதையும் போகிற போக்கில் போட்டு வையுங்கள்.

உயரம் இன்னும் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஊகிக்க ஒரு வாய்ப்பாடு உண்டு. அப்பா உயரம், அம்மா உயரம், இரண்டையும் செ.மீ.யில் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். வருகிற எண்ணுக்கு மேலேயோ கீழேயோ எட்டு ஒன்பது செ.மீ. போகலாம். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும், வளரும் தட்டு இன்னும் திறந்திருக்கிறதா என்று மருத்துவர் சொல்வார். ஆனால் வெறும் ஆர்வத்துக்காக எக்ஸ்ரே வேண்டாம். தொங்கினால் உயரம் வரும், குதித்தால் வரும் என்று விற்கப்படும் எதுவும் எலும்பை நீட்டாது. பையனைப் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்ல முடியாது, பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது வலியைப் பற்றி. இந்த வயதில் முழங்கால் சில்லுக்கு நாலு விரல் கீழே ஒரு எலும்பு மேடு புடைத்து, தொட்டால் துள்ளினால், அது ஆஸ்குட் ஷ்லாட்டர். வளரும் எலும்பைத் தொடைத் தசையின் நார் இழுப்பதால் வருவது. பயப்பட வேண்டாம், குதிப்பதைக் குறைத்தால் அடங்கும், வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேல் ஒரே இடத்தில் வலி, அதுவும் வாரக்கணக்கில் இருந்தால், அதைத் தைலம் தேய்த்து ஓட்டாதீர்கள். நாஷின் முதுகுக்கு நெருங்கிய சொந்தமாக இருக்கலாம். முதுகெலும்பில் மெல்லிய விரிசல். ஆரம்பத்தில் பிடித்தால் சில மாத ஓய்வில் கூடிவிடும். இதைச் சொந்தக் கால் பாடமாகவும் சொல்கிறேன். கல்லூரி நாளில் ஒரு போட்டியில் கணுக்கால் மடங்கியது. ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜை இறுகச் சுற்றி, இரண்டாம் பாதியில் இறங்கச் சொன்னார்கள், நானும் வீரன் மாதிரி இறங்கினேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்தோமா என்பது மறந்துவிட்டது. டர்பனில் மழை வருமா என்று மட்டும் அந்தக் கணுக்கால் இன்றைக்கும் முந்தின நாளே சொல்கிறது.

ஜிம் கடைப் பவுடர் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து என்.பி.ஏ. அணி தேர்ந்தெடுத்த முதல் ஆள் சத்னம் சிங். பஞ்சாப் கிராமத்துப் பையன், 7 அடி 2 அங்குலம், 2015இல் டாலஸ் எடுத்தது. என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட இறங்கவில்லை. அப்புறம் இந்தியாவில் ஊக்கமருந்துச் சோதனையில் ஹைஜினமைன் என்ற பொருள் தெரிந்து இரண்டு வருஷத் தடை. அந்தப் பொருள் சில ஊட்டச்சத்துப் பவுடர்களில் இருக்கும். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே செல்லாது; உடம்புக்குள் போனதற்கு ஆட்டக்காரனே பொறுப்பு. 15 வயதுக்குப் பருப்பும் முட்டையும் மீனும் போதும்.

இனி பையனிடம் என்ன சொல்வது. என் யோசனை: சரி என்றும் சொல்லாதீர்கள், கூடாது என்றும் சொல்லாதீர்கள். ஒருமுறை ஒரு பையனிடம் நான் "உனக்கு உயரம் பத்தாது தம்பி, வேறு பார்" என்று சொல்லிவிட்டேன். அவன் அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தேன், என்னைவிட அரையடி உயரம். அன்றிலிருந்து நான் உயரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. பதிலாக ஒரு நோட்டு கொடுக்கிறேன். தினம் 50 ஃப்ரீ த்ரோ, 40 நாள், எத்தனை உள்ளே போனது என்று அவனே எழுத வேண்டும். யாரும் கூட நிற்கக் கூடாது, வீடியோ எடுக்கக் கூடாது. முதல் வாரம் எல்லாரும் எழுதுவார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்யும், பதினேழாம் நாள் வீட்டில் கல்யாணம் இருக்கும். அந்த இடங்களில் நோட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். 50க்கு 19 என்று உண்மையை எழுதியிருக்கும் நோட்டு எனக்குப் பிடிக்கும். எல்லா நாளும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், 41, 42, 43 என்று ஏறிக்கொண்டே போனால், கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும்.

40 நாள் முடிந்து அவன் நிறுத்திவிட்டால் அதிலும் தப்பில்லை, ஆட்டம் அவனுக்குப் பொழுதுபோக்கு, ஆயுள் முழுக்க ஆடட்டும். 41ஆம் நாளும் அவனாகவே போனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாட்ஸ்வர்த்துக்கு அழைத்து வாருங்கள், எந்தக் கோர்ட் என்று தனியாக எழுதுகிறேன். கணக்கு நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆட்டம் முடிந்து பையன்கள் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் போடுவார்கள். பந்து மட்டும் அவனே எடுத்து வரட்டும். என்னிடம் இருப்பவற்றில் காற்று நிற்பதில்லை.